பட்டியலில் மாவட்டம் இருக்கிறது. உங்கள் ஊர் இருக்கிறதா?

"எங்கள் மாவட்டம் பின்தங்கியது என்று மத்திய அரசே பட்டியல் போட்டுவிட்டது. ஆனாலும் எங்கள் ஊருக்கு ஒன்றும் வரவில்லையே?" ராமநாதபுரம், விருதுநகர் பக்கத்து வாசகர்கள் இந்தக் கேள்வியைப் பல விதமாகக் கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. கூடவே ஒரு தவறான எதிர்பார்ப்பும் இருக்கிறது. அதை முதலில் களைந்துகொண்டால்தான் அடுத்து யாரிடம், எதைக் கேட்பது என்பது விளங்கும்.

2018 ஜனவரியில் தொடங்கிய 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' திட்டத்தில் நாடு முழுவதும் 112 மாவட்டங்கள் இடம்பெற்றன. தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றவை ராமநாதபுரமும் விருதுநகரும். இந்தத் திட்டத்துக்கென்று பெரிய தனிப் பணப்பெட்டி கிடையாது. துறைகளிடம் ஏற்கெனவே இருக்கும் திட்டங்களையும் நிதியையும் அந்த மாவட்டத்தில் ஒன்றுசேர்த்துக் குவிப்பதே அதன் முறை. 49 குறியீடுகளை (முன்னேற்றத்தை அளக்கும் கணக்குகள்) வைத்து மாவட்டங்களைத் தரவரிசைப்படுத்துகிறார்கள். சுகாதாரம்–ஊட்டச்சத்துக்கு 30 சதவீதம், கல்விக்கு 30, வேளாண்மை–நீர்வளத்துக்கு 20, நிதிச் சேவை–திறன் பயிற்சிக்கு 10, அடிப்படைக் கட்டமைப்புக்கு 10 என்று எடை பிரித்திருக்கிறார்கள். ஒரு மாவட்டம் எங்கே நிற்கிறது என்பதைவிட, முன்பு இருந்த நிலையிலிருந்து எவ்வளவு நகர்ந்தது என்பதுதான் இந்தத் தரவரிசைக்கு முக்கியம். ஆகவே மாவட்டம் முதலிடம் என்று செய்தி வந்தால் மலைக்க வேண்டாம். கீழே இறங்கிவிட்டது என்று வந்தால் பதறவும் வேண்டாம்.

பணம் நேரடியாக வரும் என்ற எதிர்பார்ப்புக்குக் காரணம் பழைய நினைவு. 2006–07இல் தொடங்கிய பின்தங்கிய பகுதிகள் மானிய நிதி, 250 மாவட்டங்களுக்கு உண்மையிலேயே தனிப் பணம் கொடுத்தது. தமிழ்நாட்டில் விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை, நாகப்பட்டினம், திண்டுக்கல், சிவகங்கை ஆகிய ஆறு மாவட்டங்கள் அதைப் பெற்றன. 2015இல் மத்திய அரசு அந்த ஆதரவை நிறுத்திக்கொண்டது. இப்போதைய பட்டியலை அந்தப் பட்டியலின் தொடர்ச்சி என்று எண்ணுகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

சரி, மாவட்டத்துக்கு வந்த கவனம் ஏன் ஊர்வரை வருவதில்லை? சராசரிக்குள் ஊர் மறைந்துவிடுகிறது என்பதே முதன்மையான காரணம். ஓசூரைப் பாருங்கள். 1970களில் அது தர்மபுரி மாவட்டத்தில் இருந்தது. பின்தங்கிய பகுதிகளில் தொழில் வளர்க்கும் நோக்கத்தோடு சிப்காட் தொழிற்பேட்டை அங்கே வந்தது, சலுகைகள் கிடைத்தன, தொழிற்சாலைகள் குவிந்தன. பெங்களூரு ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் இருந்ததுதான் அந்த வளர்ச்சிக்குப் பெரிய காரணம். அதே மாவட்டத்தின் பென்னாகரம், அரூர்ப் பக்கத்து இளைஞர்கள் பிழைப்புக்காக பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பேருந்து ஏறிக்கொண்டிருந்தார்கள். 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோது ஓசூரும் அதனோடு போய்விட்டது. "ஒரு தொழிற்சாலை வந்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்கிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். தொழிற்சாலை வேண்டாம் என்பதல்ல. பின்தங்கிய பகுதி என்ற பெயரில் வரும் சலுகையை, அந்தப் பகுதியிலேயே வசதியாக இருக்கும் மூலை முதலில் எடுத்துக்கொள்ளும் என்பதைச் சொல்கிறேன்.

ஊராட்சிக்குள்ளும் இதே கதைதான். 2006–07 முதல் ஐந்தாண்டுகள் நடந்த அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஒவ்வோர் ஊராட்சிக்கும் 20 லட்சம் ரூபாய் என்று சமமாகப் பிரித்தார்கள். பார்க்க நியாயமான ஏற்பாடு. ஆனால் நான்கைந்து குடியிருப்புகள் (ஊராட்சிக்குள் தனித்தனியாக இருக்கும் சிற்றூர்கள், காலனிகள், தெருக்கூட்டங்கள்) உள்ள ஊராட்சியும், மலையில் பல மடங்கு குடியிருப்புகளாகச் சிதறிக் கிடக்கும் ஊராட்சியும் அதே தொகையைத்தான் பெற்றன. பணம் பெரும்பாலும் தாய்க் கிராமத்தில் தங்கியது. கடைசிக் குடியிருப்பு காத்திருந்தது. 2011–12இல் வந்த 'தாய்' திட்டம் இந்தக் குறையை ஒப்புக்கொண்டு, ஊராட்சியை விட்டுவிட்டுக் குடியிருப்பையே கணக்கின் அலகாக எடுத்தது. அப்போது கணக்கெடுத்த குடியிருப்புகள் 79,394. தமிழ்நாட்டு ஊரக வளர்ச்சியில் செய்த நல்ல திருத்தங்களில் இது ஒன்று என்பது என் கருத்து. ஆனால் திட்டங்களின் பெயர் மாறும்போது இத்தகைய பாடங்களும் சேர்ந்து மறந்துபோகின்றன.

உங்கள் ஊர் இப்படிச் சராசரிக்குள் மறைந்திருக்கிறதா என்பதை அறியச் சில அடையாளங்களைப் பாருங்கள். சாலை இருக்கிறதா என்று பார்ப்பது போதாது. சாலை பெரும்பாலும் இருக்கும். எட்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் எல்லோரும் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தார்களா? துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியர் பணியிடம் நிரம்பியிருக்கிறதா, பக்கத்து ஊர்ப் பொறுப்பில் ஓடுகிறதா? அங்கன்வாடியில் குழந்தைகளின் எடையை மாதந்தோறும் உண்மையில் எடுக்கிறார்களா? செங்கல் சூளைக்கோ கரிமூட்டத்துக்கோ குடும்பத்தோடு போய்விட்ட வீடுகள் எத்தனை? 2021 முதல் மகளிருக்குச் சாதாரண நகரப் பேருந்துகளில் கட்டணமில்லை. பேருந்தே எட்டிப் பார்க்காத குடியிருப்பில் அந்தச் சலுகைக்கு என்ன மதிப்பு?

இன்னொரு அடையாளம் காகிதத்தில் தெரியும். உங்கள் கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தை (ஊராட்சி ஆண்டுதோறும் தயாரிக்கும் வேலைப் பட்டியல்) மத்திய அரசின் இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். மூன்றாண்டுப் பட்டியல்களை அருகருகே வைத்துப் பாருங்கள். இடம் குறிப்பிடாமல் 'குடிநீர்ப் பணி', 'சாலைப் பணி' என்று மட்டும் இருந்தாலோ, அதே வேலைகள் ஆண்டுதோறும் திரும்பி வந்தாலோ, அந்தத் திட்டத்தை ஊரில் உட்கார்ந்து யாரும் எழுதவில்லை என்று பொருள். பேவர் பிளாக் பதிப்பது பாதிப் பட்டியலை அடைத்துக்கொண்டிருந்தாலும் கவனியுங்கள். அது விரைவில் முடியும், படம் எடுக்க அழகாக இருக்கும். ஊட்டச்சத்துக் குறைவை அது ஒரு கிராம்கூடக் குறைக்காது.

இனி செய்ய வேண்டியது. முதலில் அளவெடுங்கள். ராமநாதபுரம் மாவட்டத்தின் பெரிய குறையான குடிநீரையே எடுத்துக்கொள்வோம். நிலத்தடி நீர் பல இடங்களில் உவர்ப்பு. காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை நம்பித்தான் ஊர்கள் இருக்கின்றன. குழாய் வந்துவிட்டால் பதிவேட்டில் உங்கள் குடியிருப்பு 'இணைப்பு பெற்றது' ஆகிவிடும். கடைமடையில் தண்ணீர் எட்டுகிறதா என்பது அந்தப் பதிவேட்டில் தெரியாது. ஜல் ஜீவன் திட்டத்தின் அளவுகோல் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 275 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் ஏறத்தாழ 18 குடம். பத்து வீடுகளில் இரண்டு வாரத்துக்கு, எந்த நாள் எத்தனை குடம் கிடைத்தது என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். "தண்ணீரே வருவதில்லை" என்ற மனுவுக்கு "இணைப்பு வழங்கப்பட்டுள்ளது" என்று பதில் எழுதிவிடலாம். "14 நாளில் 4 நாள்தான் வந்தது, வீட்டுக்கு 6 குடம்" என்ற கணக்குக்கு அப்படிப் பதில் எழுத முடியாது. அழுத்தம் குறைவா, வால்வு பழுதா, வழியில் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்களா என்று யாராவது வந்து பார்த்தே ஆக வேண்டும்.

அளந்ததைக் கிராம சபைக்குக் கொண்டுபோங்கள். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள்கள் கிராம சபை கூடுகிறது. "சாலை வசதி செய்து தர வேண்டும்" என்று பொதுவாகத் தீர்மானம் போட்டால் அது புத்தகத்தோடு நின்றுவிடும். எந்தத் தெருவில் தொடங்கி எங்கே முடிகிறது, எத்தனை மீட்டர், சர்வே எண் என்ன, எத்தனை வீடுகளுக்குப் பயன் என்பதெல்லாம் தீர்மான வாசகத்திலேயே இருக்கட்டும். கூட்டம் முடிந்து வீட்டுக்குக் கிளம்பும் முன் தீர்மானப் புத்தகத்தில் அந்த வாசகம் ஏறிவிட்டதா என்று நேரில் படித்துப் பாருங்கள். மகளிர் சுயஉதவிக் குழுக்களின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு, வறுமை ஒழிப்புக்கென்று ஒரு தனித் திட்டம் தயாரித்து அதை ஊராட்சித் திட்டத்தோடு இணைக்க வழி இருக்கிறது. ஓய்வூதியம் கிடைக்காத முதியவர், வீடில்லாத குடும்பம் போன்ற தேவைகள் ஆண்கள் மட்டும் பேசும் கூட்டத்தில் வராது. இந்த வழியில் வரும்.

அடுத்தது நிலம். ஒப்புதல் கிடைத்தும் தொடங்காத வேலைகளில் பலவற்றின் நோய் இங்கேதான் இருக்கும். நீர்நிலைப் புறம்போக்கில் கட்டடம் கட்ட அனுமதி கிடைக்காது. வேறு துறையின் இடமானால் முன்நுழைவு அனுமதி (நிலம் முறையாகக் கைமாறும் முன் வேலையைத் தொடங்கத் தரும் இசைவு) வாங்க வேண்டும். ஆகவே கோரிக்கை எழுதும் முன்பே கிராம நிர்வாக அலுவலரிடம் அந்த சர்வே எண்ணின் வகைப்பாட்டைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதன்பின் ஓவர்சியர் வந்து அளப்பார், மதிப்பீடு தயாராகும், நிர்வாக அனுமதியும் தொழில்நுட்ப அனுமதியும் வர வேண்டும். நீங்கள் விசாரிக்கும்போது "வேலை என்ன ஆயிற்று?" என்று கேட்காமல், இவற்றில் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று கேளுங்கள்.

எந்தப் பணத்தில் எந்த வேலை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 15-வது நிதிக் குழு 2021–26 காலத்துக்கு ஊராட்சிகளுக்குத் தந்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே என்று கட்டிவைத்த தொகை. அதில் சாலை போட முடியாது. "பணம் இருக்கிறது என்கிறார், செய்ய முடியாது என்கிறார், இடையில் யார் சாப்பிட்டது?" என்று ஊரில் கிளம்பும் சந்தேகங்களில் பலவற்றுக்கு வேர் இந்த விதிதான். எல்லாச் சந்தேகத்துக்கும் அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி, செய்யக் கூடாதவை. "சென்னையில் ஆள் இருக்கிறார், பட்டியலில் சேர்த்துவிடலாம்" என்று பணம் கேட்பவரை நம்பாதீர்கள். மாவட்டமோ வட்டாரமோ பட்டியலில் சேர்வது அரசின் புள்ளிவிவரங்களின் அடிப்படையில். தனி ஆள் சேர்க்கவும் முடியாது, நீக்கவும் முடியாது. குடிநீர் கேட்டு எடுத்ததும் சாலை மறியலில் இறங்க வேண்டாம். அன்று மாலை லாரித் தண்ணீர் வரும். பிரச்சினை தீர்ந்ததாகக் கோப்பு மூடப்படும். உவர் நிலத்தில் நன்கொடைப் பணத்தில் அவசரமாக போர் போடுவதும் அப்படித்தான். நீரைச் சோதிக்காமல் துளைத்தால் அடுத்த கோடைக்குள் அது பயனற்றுக் கிடக்கும். திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் கூட்டத்தில் வாரந்தோறும் அதே மனுவைக் கொடுப்பதாலும் வேகம் கூடாது. அந்த மனு சுற்றிவிட்டு வட்டார வளர்ச்சி அலுவலரின் மேசைக்கே திரும்பும். ஒன்றிய அலுவலகத்தில் அந்தப் பதவியில் இருவர் இருக்கிறார்கள். ஊராட்சி வேலைக்குக் 'கிராம ஊராட்சி' என்று அடைப்புக்குறியில் போட்டிருப்பவரைப் பாருங்கள். தேர்ந்தெடுத்த தலைவர் இல்லாமல் தனி அலுவலர் பொறுப்பில் இருக்கும் ஊராட்சிகளில் இவரைச் சந்திப்பது இன்னும் அவசியம்.

இரண்டு கிராம சபைகள் கடந்தும் அசைவு இல்லையென்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி விண்ணப்பியுங்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் வேண்டாம். சான்று இணைத்தால் போதும். "ஏன் செய்யவில்லை?" என்று கேட்காதீர்கள், காரணம் சொல்வது தகவல் ஆகாது என்று தட்டிக்கழிப்பார்கள். தீர்மானத்தின் மீது எடுத்த நடவடிக்கைக் கோப்பின் நகல், மதிப்பீட்டின் நகல், வேலை முடிந்ததாகச் சொன்னால் அளவைப் புத்தகத்தின் நகல் என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். "நிதி வந்ததும் பரிசீலிக்கப்படும்" என்று மட்டும் எழுதி அனுப்பினால், அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்து, எந்தத் தலைப்பில் எந்த ஆண்டு நிதி கேட்டு யாருக்குக் கருத்துரு அனுப்பினார்கள் என்பதற்கான கடிதத்தின் நகலைக் கேளுங்கள். அப்படி ஒரு கடிதமே இல்லை என்று தெரிந்தால், அடுத்த கிராம சபையில் அந்தக் கருத்துருவை அனுப்பச் சொல்லித் தேதி குறிப்பிட்டுத் தீர்மானம் போடுங்கள்.