போர்ட் கிள்ளானில் வீடு மலிவா?

“போர்ட் கிள்ளானில் வாங்கினால் பாதி விலை, பண்டார் புக்கிட் திங்கி என்றால் இரட்டிப்பு” என்று சொல்பவர்கள், அதற்குச் சான்றாக விளம்பரத் தளங்களின் சராசரி விலையைக் காட்டுவார்கள். அது எந்தெந்த வீடுகளின் சராசரி என்று யாரும் கேட்பதில்லை. 42000 என்ற அஞ்சல் எண்ணுக்குள் துறைமுகத்தை ஒட்டிய பழைய அடுக்குமாடிகளும் வருகின்றன, அவசரகாலத்தில் உருவான பண்டமாரான் புதுக்கிராமமும் வருகிறது. புக்கிட் திங்கியோ பிற்காலத்தில் திட்டமிட்டுக் கட்டிய நகரியம். அங்கே டெரஸ் வீடுகள் அதிகம். ஒரு கணக்குக்காக, இரண்டு இடத்திலும் அடுக்குமாடி வீடு ஒன்றரை லட்சம் வெள்ளி, டெரஸ் வீடு ஐந்து லட்சம் என்றே வைத்துக்கொள்வோம். ஓரிடத்தில் எட்டு அடுக்குமாடியும் இரண்டு டெரஸும் விற்றால் சராசரி 220,000 வெள்ளி. இன்னோரிடத்தில் இரண்டு அடுக்குமாடியும் எட்டு டெரஸும் விற்றால் 430,000. எந்த வீட்டின் விலையும் மாறவில்லை. ஆனாலும் ஓர் ஊர் மலிவாகவும் மற்றது ஏறக்குறைய இரட்டிப்பாகவும் தெரிகிறது.

போதாக்குறைக்கு, விளம்பரத்தில் இருப்பது விற்பவர் கேட்கும் விலை. அதன் நடுவே லேலோங் வீடுகளின் ஆரம்ப ஏலவிலையும் கலந்து கிடக்கும். வங்கி இந்த இரண்டையும் பார்ப்பதில்லை; ஒப்பந்த விலை, மதிப்பீட்டாளர் போடும் விலை, இவற்றில் எது குறைவோ அதற்குத்தான் கடன் தரும். ஐந்து லட்சத்துக்குப் பேசிய வீட்டுக்கு மதிப்பு நாலரை லட்சம் என்று வந்தால், 90 விழுக்காட்டுக் கடன் கிடைத்தாலும் 50,000 வெள்ளிக்குப் பதில் 95,000 கையிலிருந்து போட வேண்டும். வழக்கறிஞர் கட்டணமும் முத்திரை வரியும் தனி.

“ஒரே மாதிரி வீட்டை ஒப்பிட்டாலும் புக்கிட் திங்கியில்தானே கூடுதல்?” என்று கேட்கலாம். பல இடங்களில் அப்படி இருக்கலாம்; மறுக்க வேண்டியதில்லை. அந்த மிச்ச வித்தியாசம்தான் இடத்துக்கான விலை. கண்டெய்னர் லாரிகளின் இரைச்சல், பெரிய கடல் ஏற்றத்தில் தாழ்வான சந்துகளில் ஏறும் தண்ணீர், பக்கத்தில் இயோன் பேரங்காடி இருப்பதும் இல்லாததும் எல்லாம் அதில் அடக்கம். கே.டி.எம். கொமுட்டர் ரயில் முடியும் இடம் போர்ட் கிள்ளான். புக்கிட் திங்கியில் அந்த நிலையம் கிடையாது. தினமும் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் வேலைக்குப் போகிறவருக்கு இது சின்ன விஷயமல்ல.

“சாமானியர் இதையெல்லாம் எங்கே போய்த் தேடுவது?” என்பது நியாயமான கேள்விதான். மதிப்பீடு, சொத்துச் சேவைத் துறை (ஜே.பி.பி.எச்.) உண்மையில் நடந்த விற்பனைகளின் பட்டியலை இணையத்தில் தருகிறது: வீட்டு வகை, தாமான், சாலை, மாதம், நிலப்பரப்பு, லீஸ்ஹோல்டா ஃப்ரீஹோல்டா, விலை. அதில் ஒரே வகை, ஏறத்தாழ ஒரே பரப்பு, ஒரே உரிமை, கடந்த ஓராண்டு விற்பனை என்று சலித்தால் கையில் நாலைந்து வீடுகள்தான் மிஞ்சும். நூறு விளம்பரங்களின் சராசரியைவிட அந்த நாலைந்துக்கே மதிப்பு அதிகம். 99 ஆண்டு லீஸ்ஹோல்டில் எத்தனை ஆண்டு மிச்சம் என்பதை மட்டும் கிராண்டை (நில உரிமைப் பத்திரத்தை) பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும்; அதையும் முன்பணம் கட்டுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.