மட்டாஞ்சேரி யூதத் தெருவில் நடக்கப் போகிறீர்களா? பயனுள்ள குறிப்புகள்

கொச்சிக்குப் போகும் நம்மூர்க் குடும்பங்கள் பெரும்பாலும் சீனவலையைப் பார்த்து, படகில் ஒரு சுற்றுப் போய், மட்டாஞ்சேரி யூதத் தெருவில் அரைமணி நேரம் கடை பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றன. அந்தத் தெருவுக்கு ஒரு முழுக் காலைப்பொழுது கொடுங்கள். விஷயம் தெரிந்த வழிகாட்டியோடு நிதானமாக நடந்து பாருங்கள். மூன்று முறை போய் வந்ததில் நான் தெரிந்துகொண்டவற்றைச் சொல்கிறேன்.

1. முதலில் கிழமை பாருங்கள். யூதர்களின் ஓய்வுநாளான சாபத், வெள்ளிக்கிழமை சூரியன் மறையும்போது தொடங்கிச் சனிக்கிழமை பொழுது சாய்ந்த பிறகுதான் முடியும். அதனால் வெள்ளி பிற்பகலிலும் சனிக்கிழமையிலும் யூதர்களின் தொழுகைக் கூடமான பரதேசி சினகாக்கில் பார்வையாளர்களை விடமாட்டார்கள். பக்கத்திலேயே இருக்கும் மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வாரக் கடைசியில் லீவு கிடைக்கிறதே என்று நாங்கள் முதல் தடவை போனது ஒரு சனிக்கிழமை. எழுபது வயதில் ஆசையாகக் கிளம்பி வந்த என் மாமியார், பூட்டிய கதவைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பினார். அந்த முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஞாயிறு முதல் வியாழன் வரை ஏதாவது ஒரு நாள் வையுங்கள். செப்டம்பர், அக்டோபரில் யூதப் பண்டிகைகள் அடுத்தடுத்து வரும். அந்த மாதங்களில் விசாரித்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

2. காலை பத்து மணிக்குத் தெருவில் இருங்கள். மதியம் இடைவேளைக்காகக் கதவை மூடிவிடுவார்கள். கொச்சியின் புழுக்கமும் பதினொரு மணிக்கு மேல் ஆளை அசத்திவிடும்.

3. வழிகாட்டியை அமர்த்தும்போது மூன்றைப் பேசி முடியுங்கள்: எத்தனை மணி நேரம், எவ்வளவு கூலி, எந்தெந்த இடம். சுற்றுலாத் துறை அனுமதி அட்டை இருக்கிறதா என்று கேட்பதில் தவறில்லை. தமிழும் மலையாளமும் கலந்து பேசுபவர் கிடைத்தால் வீட்டுப் பெரியவர்களுக்கும் புரியும். கடை கடையாக அழைத்துப் போகிறவராகத் தெரிந்தால், "கடை கடைசியில் போதும்" என்று நடக்கத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். அங்கே யாரிடமாவது சினகாக்குக்கு வழி கேட்பதானால் "ஜூதப்பள்ளி" என்று கேளுங்கள். வெறும் பள்ளி என்றால் மசூதிக்கோ மாதா கோயிலுக்கோ கைகாட்டுவார்கள். மூன்றுக்கும் அங்கே பள்ளி என்றுதான் பெயர்.

4. தோளும் முழங்காலும் மறைகிற உடை உடுத்துங்கள். சினகாக்குக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும், அதனால் எளிதில் கழற்றி மாட்டக்கூடிய செருப்பாக இருக்கட்டும். நுழைவுக் கட்டணத்துக்குச் சில்லறை நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே படம் எடுக்கலாமா என்பதை வாசலிலேயே கேட்டுவிடுங்கள்.

5. நடையை மணிக்கூண்டிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். 1760இல் இதைக் கட்டியவர் எசக்கியேல் ரகபி, டச்சுக் கம்பெனியின் பெரிய வணிகர். ஒரு முகத்தில் ஹீப்ரு எண்கள், ஒன்றில் ரோமன் எண்கள், இன்னொன்றில் மலையாள எண்கள். தொழப் போகிறவரும், கடைவீதியில் நிற்கிறவரும், அரண்மனையில் இருப்பவரும் அவரவருக்குப் பழகிய எண்ணில் நேரம் பார்த்துக்கொள்ளலாம். பிள்ளைகளிடம் காட்டி, எந்த எண் எதுவென்று அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

6. யூதர்கள் இங்கே எப்போது வந்தார்கள் என்று வழிகாட்டி சொல்லும்போது, "சேட்டா, இது சொல்வழக்கா, சான்று உண்டா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல வழிகாட்டி அதற்குச் சந்தோஷப்படுவார். ஜெருசலேம் கோயில் கி.பி. 70இல் இடிக்கப்பட்டதும் வந்தவர்கள் என்பது பரம்பரையாகச் சொல்லிவரும் கதை. கையில் கிடைக்கும் சான்றுகள் அதற்குப் பிந்தியவை. முதலில் அவர்கள் வாழ்ந்தது கொடுங்கல்லூரில். 1341இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளத்தில் அந்தத் துறைமுகம் மணல்மேடிட்டுப் போக, கொச்சி தலையெடுத்தது. வணிகம் நகர்ந்த வழியே மக்களும் நகர்ந்தார்கள். கொச்சியின் கொச்சங்காடியில் அவர்கள் எழுப்பிய சினகாக் இன்று இல்லை. அதன் ஹீப்ருக் கல்வெட்டை மட்டும் பரதேசி சினகாக்கின் வெளிச்சுவரில் பதித்து வைத்திருக்கிறார்கள். பலர் அதைக் கவனிக்காமலே கடந்து போகிறார்கள். கேட்டு, நின்று பாருங்கள்.

7. தமிழர்களாகிய நாம் கட்டாயம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது செப்பேட்டுக் கதை. ஏறத்தாழ கி.பி. 1000இல் சேர அரசன் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூத வணிகத் தலைவருக்கு 72 உரிமைகளைப் பட்டயமாக எழுதிக் கொடுத்தான். எழுத்து வட்டெழுத்து. மொழி, அந்தக் காலத்து மலைநாட்டுத் தமிழ் என்றும் பழைய மலையாளம் என்றும் அறிஞர்கள் சொல்வது. பகல் விளக்கு, நடந்து வரும் வழியில் விரிக்கும் பாவாடை, குடை, தோரணம் என்று அரச மரியாதைகள் அதில் வரிசையாக வருகின்றன. அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் உரிமையும் அவருக்குக் கிடைத்தது. கடல் கடந்து வந்தவருக்கு நம் எழுத்தில், நம் சொல்லில் எழுதிக் கொடுத்த வாக்கு அது என்று நினைக்கும்போது எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

8. பரதேசி சினகாக்குக்குள் போனதும் அண்ணாந்து பார்க்காதீர்கள். பெல்ஜியம் கண்ணாடி விளக்குகள் எங்கேயும் போய்விடாது. முதலில் குனிந்து தரையைப் பாருங்கள். 18ஆம் நூற்றாண்டில் சீனாவின் கான்டனிலிருந்து கப்பலில் வந்த வெள்ளைப் பீங்கான் ஓடுகள், நீல மையில் கையால் வரைந்தவை. மரக்கிளை, பூ, நீர்க்கரை என்று தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்று போலத் தெரியும். ஓரிடத்தில் உட்கார்ந்து அடுத்தடுத்த இரண்டு ஓடுகளை மட்டும் பாருங்கள். ஒன்றில் கிளை சற்றே வளைந்திருக்கும், மற்றதில் நீலம் கொஞ்சம் கசிந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் தூரிகை தனியாக இறங்கி ஏறியிருக்கிறது. வெறுங்காலில் அந்தக் குளிர்ச்சி ஏறும்போது, எத்தனை தலைமுறையின் பாதம் பட்ட தரை என்று தோன்றும். அங்கிருந்து நகர எங்கள் வீட்டுக் கடைக்குட்டிக்கு மனமே வரவில்லை.

9. பித்தளைக் கம்பி சூழ்ந்து நடுவில் நிற்கும் மேடை, வேதமான தோராவை ஓதுவதற்கானது. மாடியிலும் ஓர் ஓதும் மேடை உண்டு, பெண்கள் அமரும் பகுதிக்கு எதிரே. இப்படி இரண்டு மேடை வைப்பது கேரள சினகாக்குகளுக்கே உரிய வழக்கம். ஓய்வுநாளிலும் பண்டிகையிலும் மேல்மேடையில் ஓதும்போது பெண்களின் காதருகே ஒலி கேட்கும். இந்தச் சமூகத்துப் பெண்கள் கல்யாணத்திலும் விழாவிலும் மலையாளத்தில் பாட்டுப் பாடியவர்கள். அவற்றை நோட்டுப் புத்தகங்களில் கைப்பட எழுதி, அம்மாவிடமிருந்து மகள் என்று காத்தவர்கள். வழிகாட்டி இதைச் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

10. கசப்பான பக்கத்தையும் கேளுங்கள். 1568இல் கட்டிய இந்த சினகாக் பரதேசி யூதர்களுடையது. அவர்களுக்கு முன்பே இங்கு வேரூன்றியிருந்த மலபாரி யூதர்களை அவர்கள் சமமாக நடத்தவில்லை. அடிமைத்தளையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் வழிவந்தோருக்கோ உள்ளே உட்கார இருக்கையே கிடையாது. அந்த வழியில் பிறந்து வழக்கறிஞரான ஏ.பி. சேலம், காந்தியின் வழியில் சத்தியாக்கிரகம் இருந்து இதை எதிர்த்தார். யூத காந்தி என்று அவரைச் சொல்வதுண்டு. அந்தப் பகுதியில் அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது. தீண்டாமையின் கொடுமை தெரிந்த மண்ணிலிருந்து போகிற நாம், அந்தப் பெயர்ப் பலகையின் முன் ஒரு நிமிடம் நிற்கத்தான் வேண்டும்.

11. தெருவில் நடக்கும்போது ஜன்னல் கம்பிகளில் ஆறுமுனை நட்சத்திரத்தைத் தேடுங்கள். வாசல் நிலையின் வலப்பக்கமும் பாருங்கள். வேத வரிகள் எழுதிய தோல் சுருளைச் சிறு கூட்டில் வைத்து அங்கே பதிப்பார்கள்; மெசூசா என்று பெயர். வீட்டுக்குள் போகும்போதும் வரும்போதும் அதைத் தொட்டு விரலை முத்தமிட்டுக்கொள்வது வழக்கம். 1950களில் பெரும்பாலான குடும்பங்கள் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. இதே தெருவில் பூத்தையல் கடை நடத்திய சாரா கோஹன், 2019இல் 96 வயதில் காலமானார். சாபத் ரொட்டியை மூடும் துணிகளும், ஆண்கள் தலையில் வைக்கும் சிறு தொப்பிகளும் அவர் கடையில் தைத்து விற்றவை. கடைகளுக்கு மேலே மூடியிருக்கும் ஜன்னல்களைப் பார்த்து, "இங்கே யார் இருந்தார்கள்?" என்று கேட்டுக்கொண்டே நடங்கள்.

12. மலபாரி யூதர்களின் கடவும்பாகம் சினகாக்கில் மிஞ்சியிருப்பதையும் காட்டச் சொல்லுங்கள். அதன் மரவேலைப்பாடுகள் ஜெருசலேமில் உள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன. கட்டடத்தின் முன்பகுதி 2019 மழையில் இடிந்து விழுந்தது. பரதேசியின் பளபளப்பை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் கதையின் பாதிதான் கையில் இருக்கும்.

13. மசாலாப் பொருள் வாங்காமல் யாரும் திரும்புவதில்லை. மிளகு மூட்டைகள் வந்து இறங்கிய தெரு இது. இன்னும் காற்றில் சுக்கு மணக்கிறது. மிளகைச் சிறிது தண்ணீரில் போட்டுப் பாருங்கள்: நல்ல மிளகு மூழ்கும், சாவியும் பப்பாளி விதையும் மிதக்கும். பட்டையில், காகிதம் போல் மெல்லிய அடுக்குகள் சுருண்டிருப்பது அசல் சுருள்பட்டை. தடித்து ஒரே தோலாக இருப்பது வேறு வகை. ஏலக்காயைப் பிதுக்கிப் பாருங்கள், விதை கருத்துப் பிசுபிசுவென்றிருக்க வேண்டும். ஒரே கடையில் எல்லாவற்றையும் வாங்காமல் நாலு கடை விலை கேளுங்கள். ஊருக்கு வந்ததும் பொட்டலத்தைப் பிரித்து நிழலில் ஆறவைத்து, ஈரமில்லாத கண்ணாடிப் புட்டியில் போட்டால் வருடம் முழுக்க மணம் நிற்கும்.

14. பழம்பொருள் கடைகளில் "நூறு வருஷத்துப் பித்தளை" என்றால் அப்படியே நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். பிடித்திருந்தால், இன்றைய பொருளுக்கான விலையில் வாங்குங்கள்.

15. இன்னொரு நாள் கையில் இருந்தால் வடக்குப் பரவூருக்கும் சேந்தமங்கலத்துக்கும் போய் வாருங்கள். பழுதுபார்த்துப் பாதுகாத்த இரண்டு சினகாக்குகளையும் கூட்டமில்லாமல் பார்க்கலாம். சேந்தமங்கலம் சினகாக்கின் முன்னால் ஒரு கல் நிற்கிறது, 1269ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இஸ்ரயேலின் மகள் சாரா என்ற பெண்ணின் கல்லறைக் கல் அது. இந்தியாவில் கிடைத்த ஹீப்ருக் கல்லறைக் கற்களில் மிகப் பழையது.

16. யூதக் கல்லறைத் தோட்டம் எதற்காவது போக நேர்ந்தால் பூமாலை வாங்கிப் போக வேண்டாம். ஒரு சிறு கூழாங்கல்லை எடுத்துக் கல்லறை மேல் வைப்பதுதான் அவர்கள் வழக்கம். வழியிலேயே ஒன்றைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.