உருளைக்கிழங்கு வறுவலும் அதன் நிறமும்

நம் இல்லங்களில் வழங்கும் சிற்றுண்டி வகைகளுள், பின்னர் வந்து முன்னர் நின்ற பண்டம் ஒன்று உண்டெனின், அஃது உருளைக்கிழங்கு வறுவலேயாம். முறுக்கும் சீடையும் தட்டையும் நம் பாட்டிமார் கைப்பழக்கத்தால் வந்தவை. நேந்திரங்காய் வறுவல் மலையாள நாட்டார் நமக்கு அளித்தது. உருளைக்கிழங்கோ தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளிற் பிறந்து, 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியரால் ஐரோப்பா சேர்ந்து, பின்பு கப்பலேறி நம் நாட்டை அடைந்தது. நீலகிரியில் அது 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஜான் சலிவன் என்னும் கலெக்டரின் காலத்தில் ஊன்றப்பட்டது. அதனை மெல்லியதாகச் சீவி வறுக்கும் முறையை 1853இல் அமெரிக்காவின் சரடோகா நகரத்துச் சமையற்காரர் ஒருவர் கோபத்தினாற் கண்டுபிடித்தார் என்றொரு கதை உலவுகின்றது. கதை சுவையானதே, ஆனால் 1817இல் இலண்டனில் வில்லியம் கிச்சினர் வெளியிட்ட சமையல் நூலிலேயே இம்முறை காணப்படுகின்றது என்பர். சரித்திரம் இவ்வளவில் நிற்க.

நாம் இவ்வியாசத்தை எழுதத் துணிந்தது சரித்திரம் கூறற்பொருட்டன்று. ஒரு சிறு குடும்பத்தின் அடுப்படியில் நேர்ந்த சங்கடமும், அதற்கு இரசாயன சாஸ்திரம் காட்டிய விடையுமே இதற்குக் காரணமாயின.

வல்லம் வடகால் என்னும் ஊர், காஞ்சிபுரம் மாவட்டத்தில், ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் உள்ளது. ஏரிநீர் பாய்ந்து நெல் விளைந்த இந்நிலப்பரப்பில் இன்று சிப்காட் தொழிற்பூங்கா பரந்து கிடக்கின்றது. 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் 18,720 தொழிலாளர் தங்கத்தக்க பெரிய விடுதித் தொகுதி, 706 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில், இவ்வூரில் திறக்கப்பெற்றது. தொலை மாவட்டங்களிலிருந்து வேலைக்கு வந்திருக்கும் இளம் பெண்கள் முறைமாற்றி உழைத்துத் திரும்பும் வேளையில் கொறிப்பதற்கு ஏதேனும் வாங்குவது இயல்பன்றோ? இதனைக் கண்ட நம் உறவினராகிய அம்மையார் ஒருவர், மகளிர் சுயஉதவிக் குழுவிற் கடன் பெற்று, வீட்டிலேயே வறுவல் செய்து பொட்டலமிட்டு விற்கத் தொடங்கினார். அவரை நாம் அக்காள் என்றழைப்பது வழக்கம்.

முதல் இரண்டு மாதம் வியாபாரம் நன்றாகவே நடந்தது. அக்டோபர் மாதத்தில் ஒரு புது மூட்டை வந்தது. அன்று தொடங்கியது துன்பம். எண்ணெயில் இட்ட சீவல்கள் மொறுமொறுப்பாகும் முன்னரே செம்பழுப்பாகி, எடுத்து ஆறவைத்தால் கசந்தன. அக்காள் எண்ணெயைக் குறை கூறிப் புதிய எண்ணெய் மாற்றினார், பயனில்லை. தீயைத் தணித்தார்; சீவல்கள் எண்ணெயைக் குடித்துத் துவண்டனவேயன்றி நிறம் வெளுக்கவில்லை. கடைக்காரர் இரண்டு முறை சரக்கைத் திருப்பினார். நாம் சென்றபோது வாணலி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. “என் கைப்பக்குவம் போய்விட்டது, தம்பி, இந்தச் சட்டியை யாராவது கேட்டால் கொடுத்துவிடப் போகிறேன்,” என்றார்.

அவருடைய கையிற் குற்றமில்லை என்று நாம் ஐயுற்றதற்குக் காரணம், பச்சைச் சீவல் ஒன்றை வாயிலிட்டதுதான். அது தித்தித்தது.

உருளைக்கிழங்கு மண்ணினின்றும் எடுத்த பின்னும் உயிருள்ள பொருள். அது மூச்சு விடுகின்றது. தன் மாச்சத்தைச் சிறிது சிறிதாகச் செலவிடுகின்றது. அதனைக் குளிரிடத்தில், ஏறத்தாழ 8 டிகிரிக்குக் கீழ் வைத்தால், மாச்சத்தின் ஒரு பகுதி சர்க்கரையாக மாறுகின்றது. வடநாட்டில் பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் அறுவடையாகும் கிழங்கு, 2 முதல் 4 டிகிரி வரை குளிர்ந்த கிடங்குகளில் ஆண்டிறுதி வரை காக்கப்படுகின்றது. ஆக்ராவினின்றும் கோயம்பேட்டுச் சந்தைக்கு அக்டோபரில் வரும் மூட்டை இத்தகையதாக இருத்தல் கூடும். குழம்பிலோ பொரியலிலோ இட்டால் இவ்வினிப்பு வேறுபாடு தோன்றாது. எண்ணெயிலிடும்போது மட்டும் இச்சர்க்கரை கிழங்கிலுள்ள அமினோ அமிலங்களோடு கூடிப் பழுப்பு நிறத்தையும் மணத்தையும் உண்டாக்குகின்றது. இக்கூட்டுறவை 1912இல் லூயி கமீல் மையார் என்னும் பிரெஞ்சு அறிஞர் விளக்கினார். தோசையின் பொன்னிறமும் ரொட்டியின் மேலோட்டு நிறமும் இதனாலேயே. அளவோடு நின்றால் சுவை. அளவு மீறினால் கசப்பு.

கசப்பொன்றே அதன் தீமையுமன்று. 2002இல் சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர், உயர்ந்த சூட்டில் வறுத்த உருளைக்கிழங்கில் அக்ரிலமைடு என்னும் பொருள் தோன்றுவதைக் கண்டு உலகிற்கு அறிவித்தனர். கிழங்கிலுள்ள அஸ்பராஜின் என்னும் அமினோ அமிலமும் சர்க்கரையும் 120 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் கூடுவதால் இது விளைகின்றது. மனிதருக்குப் புற்று விளைவித்தல் கூடும் என்று ஐயுறத்தக்க பொருள்களின் வரிசையில் இது 1994இலேயே வைக்கப்பட்டிருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் வகுத்த விதியில், வறுவல் ஒரு கிலோவுக்கு 750 மைக்ரோகிராம் என்பதை அளவுகோலாகக் கொண்டது. ஆகவே, வறுவல் கருகினாலும் தின்னலாம் என்று எண்ணுவோர் சற்றே நின்று யோசிப்பாராக.

வறுவலுக்கு எந்தக் கிழங்கு தக்கது என்பதை அக்காளோடு இருந்தே ஆராய்ந்தோம். நீர் மிகுந்த கிழங்கு எண்ணெயை மிகுதியாகக் குடிக்கும். மாவு மிகுந்தது மொறுமொறுப்பாகும். இதனைச் சோதிக்க ஒரு பங்கு உப்பைப் பதினொரு பங்கு நீரிற் கரைத்து அதிற் கிழங்கை இட்டுப் பார்க்கலாம். மாவு மிகுந்தது அமிழும், நீர் மிகுந்தது மிதக்கும். தோல் பச்சையேறிய கிழங்கில் சோலனின் என்னும் நஞ்சு உண்டாதலின் அதனை அறவே விலக்குக. வறுவலுக்கென்றே நம் நாட்டு விஞ்ஞானிகள் வளர்த்த குப்ரி சிப்சோனா என்னும் இனம் 1998இல் வெளியிடப்பட்டது. அதில் மாவு மிகுதி, சர்க்கரை குறைவு. ஆயினும் சில்லறைக் கடையில் இனத்தின் பெயரைக் கேட்டு வாங்குவார் யார்? நம் கையில் அகப்படுவதைக் கொண்டே காரியம் நடத்த வேண்டும்.

குளிரால் இனித்த கிழங்கை மீட்க வழியுண்டு. மூட்டையை அவிழ்த்து, வெளிச்சம் படாத, காற்றோட்டமுள்ள இடத்தில் பரப்பி, இரண்டு மூன்று வாரம் வைத்தால் சர்க்கரையின் பெரும்பகுதி குறையும். நம் சீமை வெயிலுக்குப் பத்து நாளே போதியதாயிற்று. அதற்குமேல் வைத்தால் முளைவிடுகின்றது, அழுகுகின்றது. எல்லாக் கிழங்கும் முற்றும் திருந்திவிடும் என்று சொல்லுதற்கில்லை; நெடுநாட் கிடந்து முதிர்ந்தவை திருந்தா. ஆதலால் நாள்தோறும் ஒரு கிழங்கை எடுத்து, ஒரு சீவல் வறுத்து நிறம் பார்த்தலே சிறந்த பரீட்சை. நீரிழிவு நோயாளர் சிறுநீரிற் சர்க்கரை பார்க்கப் பயன்படுத்தும் தாளை வெட்டிய கிழங்கின்மேல் அழுத்தினாலும் அது நிறம் மாறிக் காட்டும். விஞ்ஞான மாணவர் இதனை விளையாட்டாகவேனும் செய்து பார்க்கலாம்.

இனிச் செய்முறை. கிழங்கைத் தோல் சீவி, சீவுகட்டையில் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் கனத்தில் ஒரே சீராகச் சீவுக. கனம் வேறுபட்டால் ஒன்று கருகும்போது மற்றொன்று வேகாதிருக்கும். சீவலை உடனே குளிர்ந்த நீரிலிட்டு, நீர் தெளியுமளவும் மூன்று நான்கு முறை கழுவ வேண்டும். மேலே ஒட்டிய மாவு நீங்காவிடில் சீவல்கள் ஒன்றோடொன்று ஒட்டும், எண்ணெயும் விரைவிற் கெடும். பின்னர், கொதி வருவதற்கு முன் ஆவி பறக்கும் நிலையிலுள்ள வெந்நீரில் இரண்டு அல்லது மூன்று நிமிடம் இட்டு எடுத்தால் உள்ளிருக்கும் சர்க்கரையும் ஓரளவு கரைந்து நீங்கும். அந்நீரிற் சிறிது காடி சேர்த்தால் சீவல் குழையாமல் நிற்கும். அக்காள் இவ்வெந்நீர்ச் செயலை வீண் வேலை என்றே முதலிற் கருதினார். பாதியை வெந்நீரிலிட்டும் பாதியை இடாமலும் வறுத்து இரண்டு தட்டுகளில் வைத்தோம். அதன்பின் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

ஈரம் போகத் துணியிற் பரப்பி ஒற்றுதல் இன்றியமையாதது. ஈரச் சீவலைக் காய்ந்த எண்ணெயிலிட்டால் அது பொங்கி அடுப்பில் வழிந்து தீப்பற்றும். ஆகையால் வாணலியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எண்ணெய் ஊற்றலாகாது. கடலையெண்ணெய் 170 முதல் 180 டிகிரி வரை காய்ந்திருத்தல் வேண்டும். உஷ்ணமானி இல்லாதோர் ஒரு சீவலை இட்டுப் பார்க்கலாம். அது உடனே குமிழியோடு மேலெழுந்து, அரை நிமிடத்திற்குள் சிவக்காமல் இருந்தால் சூடு சரியே. ஒருங்கே மிகுதியாக இட்டால் எண்ணெயின் சூடு விழுந்துவிடும். குமிழிகள் யாவும் கிழங்கின் நீர் ஆவியாகி வெளிவருவதே. கிழங்கில் முக்காற் பங்குக்கு மேல் நீரன்றோ? அந்நீர் தீர்ந்தவுடன் குமிழி அடங்கி, சலசலப்பும் ஓயும். அடுப்பினருகில் நிற்போர் கண்ணைக் காட்டிலும் காதை நம்புதல் நலம். ஓசை ஓயும் தறுவாயில், இளம்பொன் நிறத்தில் எடுத்துவிடுக. எடுத்தபின்னும் சூட்டினாற் சிறிது நிறம் ஏறும்.

இவ்விடத்தில் பலர் அறியாத நுட்பம் ஒன்றுண்டு. சீவல் எண்ணெயைக் குடிப்பது பெரும்பாலும் எண்ணெயில் இருக்கும்போதன்று, வெளியே எடுத்த பின்னரேயாம். உள்ளிருந்து ஆவி வெளிவரும்வரை எண்ணெய் உட்புக இயலாது. வெளியே எடுத்து ஆறத் தொடங்கியதும் உள்ளிருந்த ஆவி சுருங்க, மேலே படிந்த எண்ணெய் உள்ளே இழுக்கப்படுகின்றது. ஆதலால் ஜல்லிக்கரண்டியில் எடுத்தவுடன் சூட்டோடு சூடாக உதறி, வடியவிடுதல் வேண்டும். ஒரு கிலோ கிழங்கிற்குக் கால் கிலோவுக்குச் சற்று மேற்பட்ட வறுவலே கிடைக்கும். அதிலும் மூன்றில் ஒரு பங்கு எண்ணெய் என்பதை விலை வைப்போர் மறத்தலாகாது.

சுவையூட்டுதல் உதறி முடிந்த கணத்திலேயே நடைபெற வேண்டும். மேற்பரப்பில் எண்ணெய்ப் படலம் இருக்கும்போதுதான் பொடி பற்றும்; ஆறியபின் தூவினால் அடியில் தங்கும். உப்பு மாவாக அரைத்ததாயிருத்தல் நன்று. கால் கிலோ வறுவலுக்கு முக்கால் தேக்கரண்டி போதும். இங்கிலாந்தில் 1920இல் ஸ்மித் என்பார் விற்ற பொட்டலங்களில் உப்பை நீலத்தாளில் முடிந்து தனியே வைத்து, உண்போரே தூவிக்கொள்ளுமாறு விட்டனர். மசாலைப் பொடியோடு கூடிய வறுவல் 1950களில் அயர்லாந்தில், பாலாடைக் கட்டியும் வெங்காயமும் சேர்த்த சுவையோடு புகழ்பெற்றது. நமக்கோ அஞ்சறைப்பெட்டியே போதும். மிளகாய்த்தூளை வெறுஞ்சட்டியில் மெல்லிய தீயிற் சூடேற்றினால் பச்சை நெடி நீங்கும். பெருங்காயம் ஒரு சிட்டிகைக்கு மேற்படின் மற்ற மணங்களை அழிக்கும். கறிவேப்பிலையை மொறுமொறுவென வறுத்து நொறுக்கிச் சேர்த்தது விடுதிப் பெண்களால் மிகவும் விரும்பப்பட்டது. மிளகும் சீரகமும் கூடியது முதியோர்க்கு ஏற்றதாயிற்று. புளிப்பு வேண்டுவோர் உலர்ந்த மாங்காய்ப் பொடியைச் சேர்க்கலாம். நாம் நம் அறிவைக் காட்டும் பொருட்டு எலுமிச்சைச் சாற்றைத் தெளித்தோம்; ஒரு தட்டு வறுவல் கால் மணி நேரத்தில் நனைந்த காகிதமாயிற்று. அதனை நாமே உண்டு தீர்க்க வேண்டியதாயிற்று.

காத்து வைத்தலில் மூன்று பகைகள்: ஈரம், காற்று, வெளிச்சம். ஈரம் மொறுமொறுப்பைக் கெடுக்கும். மற்றிரண்டும் எண்ணெயைச் சிக்கு வாடை அடிக்கச் செய்யும். தொழிற்சாலைப் பொட்டலம் உப்பியிருப்பது நைட்ரஜன் வாயுவால்; வீட்டில் அவ்வசதியின்மையால், முற்றும் ஆறியபின் இறுகிய மூடியுள்ள டப்பாவில் இட்டு, பத்து நாட்களுக்குள் தீர்த்துவிடுதல் நன்று. ஐப்பசி மழையில் அந்நாட்களும் குறையும். வறுத்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுதல் கேடு. கெட்ட கூறுகள் 25 விழுக்காட்டை மீறிய எண்ணெயைப் பயன்படுத்தலாகாதென 2018 ஜூலை 1 முதல் நம் நாட்டிலும் விதி உண்டு. வீட்டில் அதை அளக்கக் கருவி இல்லையாயினும், நுரை அடங்காமல் நிற்பதும், நிறம் கறுப்பதும், கையில் பிசுபிசுப்பதும் போதிய அடையாளங்களாம்.

பத்தாம் நாள் அக்காள் வாணலியை நிமிர்த்தி வைத்தார். பரப்பிய கிழங்கில் முளைத்ததும் அழுகியதுமாகக் கூடை ஒன்று கழிந்தது. எஞ்சியவற்றை வெந்நீரிலிட்டு வறுத்ததில் ஓரிரண்டு சீவல்களின் விளிம்பு மட்டும் சிவந்தது. கடைக்காரர் ஒன்றைக் கடித்துப் பார்த்து, ஒன்றும் பேசாமல் பொட்டலங்களை எண்ணி வாங்கிக்கொண்டார். அம்மாதத் தவணையைக் குழுவிற் கட்ட முடிந்தது. இப்பொழுது அவர் மூட்டை வாங்கச் செல்லும்போது, விலை கேட்பதற்கு முன்னரே, “இது கிடங்கு விட்டு வந்து எத்தனை நாள் ஆகிறது?” என்று கேட்கின்றாராம். வியாபாரி முதலில் நகைத்தாராம். இப்போது கிடங்கு காணாத மூட்டை வந்தால் ஒன்றை அவர் பொருட்டுத் தனியே எடுத்து வைக்கின்றார்.