மலையில் பாடம் கற்ற கட்டடக் கலைஞர்

கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அருகே உள்ளது எங்கள் வீடு. மண் சுவர், புல் வேய்ந்த கூரை. சென்ற ஆண்டு அதை இடித்துக் காங்கிரீட் வீடு கட்ட அப்பா முடிவு செய்தார். சிமெண்டு, கம்பி, செங்கல் எல்லாம் கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக மலையேற வேண்டும், வண்டிக்கூலியே கடனாகிவிடும். அந்தக் கவலையில் இருந்தபோதுதான் லாரி பேக்கரின் வரலாற்றைப் படித்தேன்.

பேக்கர் 1917-இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் பிறந்தார். கட்டடக் கலை பயின்றபின், போர்க்காலத்தில் சீனாவில் மருத்துவத் தொண்டு புரிந்தார். நாடு திரும்பும் வழியில் பம்பாயில் கப்பலுக்காகக் காத்திருந்த நாட்களில் காந்தியடிகளைச் சந்தித்தார். வீட்டுக்கு வேண்டிய பொருள்கள் ஐந்து மைல் சுற்றளவில் கிடைப்பனவாக இருக்கவேண்டும் என்ற அடிகளின் கருத்து அவர் மனத்தில் வேரூன்றியது. தொழுநோய் மருத்துவமனைகளை அமைக்க 1945-இல் இந்தியா வந்தவர், 1948-இல் கேரளத்து மருத்துவர் எலிசபெத் ஜேக்கப்பை மணந்தார். இருவரும் இமயமலைப் பகுதியான பித்தோராகரில் ஏறத்தாழ 16 ஆண்டுகள் வாழ்ந்தனர்.

என்னைக் கவர்ந்த பகுதி இதுவே. கல்லூரியில் கற்றது அங்கே பயன்படவில்லை. கல்லும் மண்ணும் மரமும் கொண்டு மலைமக்கள் கட்டிய வீடுகளே அவருக்குப் பாடநூலாயின. பட்டம் பெற்றவர் கொத்தனாரிடம் மாணவராவது எளிதா, நண்பர்களே?

பின்னர் திருவனந்தபுரத்தில் குடியேறி, வளர்ச்சி ஆய்வு மையம், சுழன்றேறும் இந்தியன் காபி ஹவுஸ் முதலியவற்றைக் கட்டினார். செங்கற்களைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் ‘எலிப்பொறி’ முறையை அவர் பரப்பினார். இதனால் செங்கல் ஏறத்தாழ கால் பங்கு மிச்சமாகும். உள்ளிருக்கும் காற்று வெயிலைத் தடுக்கும். காங்கிரீட் தளத்தின் அடிப்பாகத்தில் கம்பிகளுக்கு இடைப்பட்ட காங்கிரீட் அதிக பாரம் தாங்குவதில்லை. அவ்விடத்தில் பழைய ஓடுகளைப் பதித்துச் சிமெண்டைக் குறைத்தார். இந்தியக் குடியுரிமையும் 1990-இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார், 2007-இல் மறைந்தார்.

விடுமுறையில் இவற்றையெல்லாம் அப்பாவிடம் ஆர்வத்தோடு சொன்னேன். பொறுமையாகக் கேட்டவர், "எல்லாம் சரி, கரையானுக்கு அந்த வெள்ளைக்காரர் என்ன செய்தார்?" என்றார். நான் விழித்தேன். திண்ணையிலிருந்த பாட்டிதான், "அடியிலே கல்லை வச்சு ஏத்திக் கட்டணும்டா, உங்க தாத்தா அப்படித்தான் கட்டுனாரு" என்றார்.

இப்போதைக்குச் சுவர் நிற்கிறது. கூரைக்கு மட்டும் ஓடு விலை விசாரிக்கிறோம்.