வேகத்தைக் குறைத்தால் சார்ஜ் நிற்குமா?

2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் வெட்டப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்நாட்களில் எங்கள் கடையில் பவர் பேங்க் வந்த கையோடு விற்றுத் தீர்ந்தது. அது முடிந்துபோன பின்னர், கடையில் வேலை செய்யும் தம்பி ஒருவர் புதிய தொழிலொன்றைத் தொடங்கினார். வாடிக்கையாளரின் போனை வாங்கி, அதன் புரொஸசர் ஓடும் உச்ச வேகத்தைக் குறைத்து வைத்துக் கொடுப்பார். கூலி 500 ரூபா. சம்சுங் போன் என்றால் சக்தி சேமிப்புப் பகுதியில் வேகத்தை 70 வீதத்துக்கு மட்டுப்படுத்தும் ஒரு சுவிட்ச் இருக்கிறது. அதைத் தட்டுவதுதான் வேலை.

"நானா, லொறிய மெதுவா ஓட்டினா டீசல் மிச்சம்தானே? இதுவும் அப்படித்தான்" என்றார். டீசலுக்கு வரிசையில் நின்ற காலம் வேறு. எனக்கும் நியாயமாகவே பட்டது.

இரண்டு கிழமை செல்லவில்லை, பக்கத்துத் தெரு டெய்லர் வந்துவிட்டார். "முதலாளி, ஒங்கட பொடியன் செஞ்ச வேலையால போன் அசையிறதுமில்ல, சார்ஜ் நிக்கிறதுமில்ல." வாங்கிய காசுக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான். எனவே அன்றிலிருந்து தெரிந்தவர்களிடம் கேட்டும் வாசித்தும் அறிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

புரொஸசர் குடிக்கும் மின்சாரம் இரண்டு விடயங்களில் தங்கியுள்ளது. ஒன்று வேகம், மற்றது அதற்குக் கொடுக்கப்படும் வோல்ட். வேகத்தைப் பாதியாக்கினால் ஒரு செக்கனுக்கான செலவு பாதியாகும், உண்மைதான். ஆனால் ஒரு செக்கனில் முடியும் வேலை இப்போது இரண்டு செக்கன் எடுக்கும். பாதியை இரண்டால் பெருக்கிப் பாருங்கள், பழைய கணக்கே வரும். மிச்சம் எங்கே? இதற்கிடையில் திரை இரண்டு செக்கன் எரிந்திருக்கும், சும்மா விழித்திருப்பதற்காகச் சிப்பில் கசியும் மின்சாரமும் இரண்டு மடங்காகியிருக்கும். கூலியாளுக்கு மணித்தியாலச் சம்பளத்தைப் பாதியாக்கி, அவர் இரண்டு மடங்கு நேரம் வேலை செய்தால் முதலாளிக்கு என்ன இலாபம்? கடையின் லைட்டும் ஃபேனும் கூடுதலாக ஓடியதுதான் மிச்சம்.

இலாபம் வருவது வோல்ட் குறையும்போதுதான். அதன் கணக்கு வர்க்கமாக ஏறும், வர்க்கமாக இறங்கும். உதாரணமாக 1 வோல்டிலிருந்து 0.8 வோல்டுக்கு இறங்கினால் அதே வேலைக்கான செலவு 0.64 ஆகிறது, அதாவது 36 வீதம் மிச்சம். உச்ச வேகத்தை எட்டுவதற்கு வோல்டை நன்றாக ஏற்ற வேண்டியிருப்பதால், மேற்படியை வெட்டினால் பலன் உண்டு. கீழ்ப்படிகளில் வோல்ட் ஏற்கனவே அடிமட்டத்தில் இருக்கும். அதற்குக் கீழே வேகத்தைக் குறைத்தால் போன் ஊர்வதைத் தவிர வேறொன்றும் நடவாது. மேலும், வேலை இல்லாதபோது போன் தானாகவே வேகத்தை இறக்கிக்கொண்டு தூங்குகிறது. லொறி உதாரணம் பிழைப்பது இங்கேதான். வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டுத் தூங்குவதும் ஒரு சிக்கனமே.

ஒரே மாதிரியான இரண்டு போன்களைக் கடையில் வைத்து நானும் பார்த்தேன். பிள்ளைகள் விளையாடும் கேம் போட்டபோது, வேகம் குறைத்த போன் நின்று நின்று ஓடினாலும் சூடு குறைவு, சார்ஜும் தெளிவாகவே மிஞ்சியது. வீடியோ ஓட்டியபோது வித்தியாசம் தெரியவில்லை. வீடியோவை விரிப்பதற்கென்று சிப்பில் தனிப் பகுதி இருக்கிறது, செலவில் பெரும் பங்கு திரையினுடையது. டெய்லருக்கு கேம் பழக்கம் கிடையாது. அவருடைய கடையோ தகரக் கூரைக்குக் கீழே, சிக்னல் ஒரு கோடு. தூரத்து டவரைத் தேடித் தேடியே அந்த போனின் பெட்டரி இறங்கியிருக்கிறது.

"அப்பிள் கம்பனியே வேகத்தைக் குறைத்ததே" என்று சிலர் கேட்பார்கள். குறைத்தது உண்மை, காரணம் வேறு. பழைய பெட்டரியால் திடீரென்று அதிக மின்சாரம் கொடுக்க முடியாது, போன் பட்டென்று அணைந்துவிடும். அதைத் தடுக்கவே 2017 ஜனவரியில் வந்த மென்பொருளில் பழைய ஐபோன்களின் உச்ச வேகத்தை மட்டுப்படுத்தினார்கள். வாடிக்கையாளருக்கு அதைத் தெளிவாகச் சொல்லவில்லை. டிசம்பரில் ஒப்புக்கொண்ட பின்னர், 79 டொலருக்கு மாற்றிய பெட்டரியை 2018இல் 29 டொலருக்கு மாற்றிக் கொடுத்தார்கள். புதிய பெட்டரி போட்டதும் வேகம் திரும்பியது. சொல்லாமல் செய்ததற்காக 2020இல் பிரான்ஸ் 25 மில்லியன் யூரோ தண்டம் விதித்தது.

இதை வாசித்தபோது எங்கள் 500 ரூபா ஞாபகம் வந்தது. டெய்லரின் பெட்டரியைக் கழற்றிப் பார்த்தால், அது சற்று ஊதியிருந்தது. பழைய சுவிட்சை முன்பிருந்தபடி ஆக்கி, காசைத் திருப்பிக் கொடுத்து, புதிய பெட்டரி போட்டுக் கொடுத்தோம். சிக்னல் இல்லாத நேரத்தில் டேட்டாவை அணைத்து வைக்கவும், திரை வெளிச்சத்தைக் குறைக்கவும் சொன்னோம். இப்போது கேம் விளையாடும் பிள்ளைகளுக்கு மட்டும் அந்தச் சுவிட்சை நாங்கள் காட்டிக் கொடுக்கிறோம், காசு வாங்காமல்.

தம்பி இரண்டு நாட்களாக என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.