மாணவரின் தலைவலி: தோட்டப் பாடசாலை ஆசிரியர்களுக்கு முழுமையான வழிகாட்டி

"டீச்சர், தலை வலிக்குது." இப்படிச் சொல்லும் பிள்ளையை அனுப்பிவைக்க, ஹட்டன், நுவரெலியா பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளில் நிரந்தரத் தாதி இருப்பதில்லை. சுகாதார வைத்திய அதிகாரியின் குழு பரிசோதனைக்கு வந்து போகும். மற்ற நாட்களில் பிள்ளையைக் கவனிக்கும் பொறுப்பு ஆசிரியருடையது.

படி 1: ஆபத்தை முதலில் பாருங்கள்

தலையில் அடிபட்ட பின் வாந்தி அல்லது அரைமயக்கம், காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, வலிப்பு, பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, திடீரென வந்த தாங்க முடியாத வலி. இவற்றில் ஒன்று இருந்தாலும் 1990 சுவசெரிய அம்புலன்ஸை உடனே அழையுங்கள், கட்டணமில்லை. பிள்ளையைத் தனியே விடாதீர்கள்.

படி 2: தனியாக அழைத்துக் கேளுங்கள்

எப்போது தொடங்கியது? காலையில் என்ன சாப்பிட்டாய்? தண்ணீர் குடித்தாயா? இரவு தூங்கினாயா? அம்மா விடியலில் பெரட்டுக்கு (தோட்ட வேலைக்குக் கூடும் இடத்துக்கு) போய்விட, வெறும் தேத்தண்ணியோடு மலையேறி வரும் பிள்ளைகள் உண்டு. குளிரில் தாகம் தெரியாது. பாடசாலைக் கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரையே தவிர்க்கும் பெண்பிள்ளைகளும் உண்டு. லயத்து அறையில் விறகுப் புகை சூழ்ந்திருந்தால் அதுவும் தலைவலிக்குக் காரணமாகலாம்.

படி 3: தண்ணீர், உணவு, ஓய்வு

தண்ணீரும் இரண்டு பிஸ்கட்டும் கொடுத்து, வெளிச்சம் குறைந்த இடத்தில் அரை மணி நேரம் படுக்க விடுங்கள். பல தலைவலிகள் இதிலேயே தணியும்.

பரசிட்டமோல் தேவைப்பட்டால் பெற்றோரின் சம்மதம் கட்டாயம். ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பதே ஒரு வேளை அளவு. 20 கிலோ பிள்ளைக்கு 500 மில்லிகிராம் முழு மாத்திரை அதிகம். 16 வயதுக்குட்பட்டோருக்கு அஸ்பிரின் கூடாது.

படி 4: கொப்பியில் குறியுங்கள்

திகதி, நேரம், நடந்த பாடம், சாப்பிட்டது, வலி தணிந்த விதம் ஆகியவற்றை எழுதுங்கள். சில வாரங்களில் காரணம் தெளிவாகலாம். கரும்பலகைப் பாடத்தில் மட்டும் வலித்தால் கண்ணைச் சோதிக்க வேண்டும். பார்வை அட்டையை 6 மீற்றர் தூரத்தில் வைத்து, ஒவ்வொரு கண்ணாக வாசிக்கச் சொல்லுங்கள். முகம் வெளிறி, சீக்கிரம் களைத்தால் இரத்தச்சோகையா என வைத்தியரிடம் பார்க்கும்படி பெற்றோரிடம் சொல்லுங்கள். பரீட்சை நெருங்கும்போது வலி கூடினால் பயத்தைப் பற்றிப் பேசுங்கள்.

படி 5: உரியவரிடம் சேருங்கள்

பாடசாலை மருத்துவப் பரிசோதனை 1, 4, 7, 10ஆம் தரங்களுக்கு நடக்கிறது. 200 பேருக்குக் குறைந்த பாடசாலைகளில் எல்லோரையும் பார்ப்பார்கள். 5ஆம் தரப் பிள்ளையை அடுத்த பரிசோதனை வரை காத்திருக்க வைக்காதீர்கள். மாத்திரை வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் தேவைப்பட்டால், அல்லது தலைவலி தூக்கத்தைக் கலைத்தால், கொப்பியோடு தோட்ட டிஸ்பென்சரிக்கோ டிக்கோயா, நுவரெலியா வைத்தியசாலைகளுக்கோ அனுப்புங்கள்.

தைலம் தடவி உட்கார வைப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். ஆசிரியர்களே, இந்த வாரமே ஒரு கொப்பியை ஒதுக்கி, முதல் பக்கத்தில் 1990 என்று எழுதிவையுங்கள்.