பனிக்கட்டி தராத குளிர்ப்பெட்டி: நீரின் வழியே பழுதைத் தேடுதல்

பாவில் ஓர் இழை அறுந்துவிட்டால் நெசவாளர் தறியைப் பிரித்துப் போடுவதில்லை. இடைவெளி தெரியும் இடத்தை அச்சில் கண்டு, அங்கிருந்து விழுதின் வழியே பின்னோக்கிச் சென்று, அறுந்த முனையைத் தேடியெடுத்து முடிச்சிடுகிறார். கடைமடைக்கு நீர் எட்டாவிடில் உழவர் ஏரியைப் பழிப்பதில்லை. மதகிலிருந்து வாய்க்காலோரமாக நடந்து, அடைப்பு எங்கே, உடைப்பு எங்கே என்று பார்த்து வருகிறார். இவ்விரண்டும் நம் உறுப்பினர்களுக்குக் கைவந்த கலைகள். ஆயினும் வீட்டிலுள்ள குளிர்ப்பெட்டி பனிக்கட்டி தர மறுக்கும்போது, இதே அறிவைப் பயன்படுத்துவோர் சிலரே. பழுது பார்க்க வந்தவர் "கருவி முழுவதையும் மாற்றவேண்டும்" என்று கூறிவிட்டால், பல நாள் நெய்த கூலி ஒரே நாளில் கரைந்துபோகிறது. பல வேளைகளில் குறை கருவியில் இருப்பதில்லை. கருவிக்கு வந்துசேரும் நீரில்தான் இருக்கிறது. அதை வரிசையாக ஆராயும் முறையை இப்பாடத்தில் காண்போம்.

பனிக்கட்டி நம் நாட்டில் அரும்பொருளாயிருந்த காலமும் உண்டு. 1833-ஆம் ஆண்டில் பிரெடெரிக் டியூடர் என்னும் அமெரிக்க வணிகர், பாஸ்டன் நகரிலிருந்து கல்கத்தாவுக்குக் கப்பலில் பனிக்கட்டி அனுப்பினார். ஏற்றப்பட்டது ஏறக்குறைய 180 டன். நான்கு மாதக் கடற்பயணத்தின் முடிவில் எஞ்சியது ஏறக்குறைய 100 டன். அவ்வாறு வந்த பனிக்கட்டியைச் சேமிக்கச் சென்னைக் கடற்கரையில் 1842-இல் கட்டப்பெற்ற ஐஸ் ஹவுஸ்தான் இன்று விவேகானந்தர் இல்லமாகத் திகழ்கிறது. அன்று கடல் கடந்து வந்த பொருளை இன்று நம் சமையலறையிலேயே ஆக்கிக்கொள்கிறோம். ஆகவே அது ஆகும் விதத்தை அறிந்திருப்பது நம் கடமையாகும்.

கருவி வேலை செய்யும் விதம்

பல வீடுகளில் தட்டில் நீர் ஊற்றி உறையவைக்கும் எளிய முறையே உள்ளது. சில பெரிய பெட்டிகளில் ஐஸ் மேக்கர் எனப்படும் தானியங்கிக் கருவி உண்டு. பெட்டியின் பின்புறமுள்ள மின்வால்வு சில விநாடிகள் திறந்து, மெல்லிய குழாய் வழியே அச்சுத்தட்டில் நீரை நிரப்புகிறது. தட்டு நன்கு குளிர்ந்ததும் உணர்கருவி அதை அறிவிக்கிறது. பல கருவிகளில் ஒரு சிறு சூடேற்றி தட்டை இலேசாக வெதுப்ப, மோட்டார் சுழன்று கட்டிகளைக் கூடையில் தள்ளுகிறது. வேறு சிலவற்றில் தட்டே முறுக்கிக் கொடுத்து உதிர்க்கிறது. கூடை நிறைந்ததும் ஒரு கம்பிக்கை மேலே தங்கி வேலையை நிறுத்துகிறது. நீர், குளிர், தள்ளுதல், நிறுத்தம் என்னும் இந்நான்கில் எது தவறினாலும் பனிக்கட்டி வராது.

முதற்சோதனை: நிறுத்தம்

கம்பிக்கை மேலே தூக்கி நிற்கிறதா என்று முதலில் பார்க்க. கூடையில் ஒரு கட்டி குறுக்கே சிக்கி அதைத் தாங்கிக்கொண்டிருக்கலாம். கருவியின் சுவிட்சைத் துடைக்கும்போது யாரேனும் அணைத்திருக்கலாம். புதிதாக வாங்கிய பெட்டியாயின் ஒரு நாள் முழுதும் பொறுத்திருக்க வேண்டும்.

இரண்டாம் சோதனை: குளிர்

உறைபெட்டியின் வெப்பநிலை ஏறக்குறைய -18 பாகை செல்சியஸ் இருத்தல் வேண்டும். ஒரு கிலோ நீரை 30 பாகையிலிருந்து 0 பாகைக்குக் குளிர்விக்க 30 கிலோகலோரி வெப்பத்தை நீக்கினால் போதும். அதே நீரைக் கட்டியாக்க மேலும் 80 கிலோகலோரி நீக்கவேண்டும். நீர் சில்லென்று ஆனபின்னரும் பெட்டிக்குப் பெரும்பகுதி வேலை எஞ்சியிருக்கிறது என்பது இதனால் விளங்கும். கோடையில் கதவை அடிக்கடி திறந்தால் அவ்வேலை முடிவதேயில்லை.

கதவின் ரப்பர் பட்டையில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பார்க்க. தடையின்றி வந்துவிட்டால் அவ்விடத்தில் வெளிக்காற்று நுழைகிறது. அடுத்து, பெட்டியின் பின்புறத்தையும் அடிப்புறத்தையும் கவனிக்க. வெப்பத்தை வெளியேற்றும் கம்பிச்சுருள் அங்கே இருப்பின், தறி ஓடும் வீட்டில் நூல் துகளும் தூசியும் அதில் படிவது இயல்பு. பிளக்கைக் கழற்றிவிட்டு மென்மையான தூரிகையால் துடைத்தெடுக்க வேண்டும். இவ்வேலைக்குப் பழுது பார்ப்பவரை அழைக்கத் தேவையில்லை.

மூன்றாம் சோதனை: நீரின் அழுத்தம்

நம் ஊர் வீடுகளில் மிகுதியும் கவனிக்க வேண்டியது இதுவே. இத்தகைய கருவிகளின் கையேடுகள் பலவும் நீரின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குக் குறைந்தது 1.4 கிலோ இருக்கவேண்டும் என்கின்றன. 10 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் நீர் ஏறத்தாழ 1 கிலோ அழுத்தம் தரும். எனவே 1.4 கிலோ பெற, தொட்டி 14 மீட்டர் உயரத்தில் இருத்தல் வேண்டும். மாடியில் வைத்த தொட்டி பெட்டிக்கு மேல் 4 மீட்டர் உயரத்தில் இருந்தால் கிடைப்பது 0.4 கிலோ மட்டுமே. சமையலறைச் சுத்திகரிப்புக் கருவியின் தொட்டியிலிருந்து வடியும் நீரில் அதனினும் குறைவு.

அழுத்தம் குறைந்தால் இரண்டு கேடுகள் விளையும். ஒன்று, தட்டு நிறையாமல் கட்டிகள் சிறுத்துவிடும். மற்றொன்று, மின்வால்வு இறுக மூடாமல் துளித்துளியாகக் கசியும். நீரின் அழுத்தமே வால்வை அழுந்த மூட உதவுகிறது என்பதை நினைவிற் கொள்க. கசிந்த துளிகள் நிரப்புகுழாயில் உறைந்து வழியை அடைத்துவிடுகின்றன. அதன்பின் கருவியை மாற்றினாலும் பயனில்லை. சில வாரங்களில் புதியதும் அடைபடும். இதற்கு மருந்து சிறு அழுத்த பம்பு ஒன்றைப் பொருத்துவதே.

அழுத்தத்தை அறிய எளிய வழி உண்டு. மின்னிணைப்பை நீக்கி, குழாயை மூடி, பெட்டியின் பின்னுள்ள மெல்லிய குழாயைக் கழற்றி ஒரு பாத்திரத்தில் விடுக. பின்னர்த் திறந்து பார்க்க. நீர் விசையுடன் பாயாமல் நூலிழைபோல் வடிந்தால் குறை பெட்டிக்கு வெளியே உள்ளது. குழாய் மடங்கியிருக்கிறதா, வடிகட்டி மாற்றும் காலம் கடந்துவிட்டதா என்பவற்றையும் அப்பொழுதே காண்க.

நான்காம் சோதனை: நீரின் தன்மை

கடின நீர் இன்னதென்பதைப் பட்டு நூலின் பசை நீக்கும் சாயப்பட்டறையினருக்குச் சொல்லவேண்டியதில்லை. சோப்பு நுரைக்காமல் திரிந்துபோவதை அவர்கள் கண்டிருக்கிறார்கள். அந்தச் சுண்ணாம்புச் சத்தே வால்வின் சிறு சல்லடையிலும் தட்டிலும் வெண்படலமாகப் படிகிறது. கட்டியின் நடுவில் தோன்றும் வெண்மைக்கும் காரணம் உண்டு. நீர் வெளிப்புறத்திலிருந்து உள்நோக்கி உறையும்போது, கரைந்த உப்பையும் காற்றையும் நடுவே ஒதுக்கிவிடுகிறது. தட்டில் படிந்ததை எலுமிச்சைச் சாறோ வினிகரோ கலந்த நீரால் கழுவலாம். மின்வால்வின் சல்லடையைத் தெரிந்தவரே தூய்மை செய்தல் நலம்.

குடிக்கத் தகாத நீர் உறைந்தாலும் தகாததே. உறைதலால் நோய்க்கிருமிகள் அனைத்தும் மடிவதில்லை. மோருக்கும் சர்பத்துக்கும் இடும் பனிக்கட்டியைக் குடிநீராலேயே ஆக்கவேண்டும்.

எச்சரிக்கை

உறைந்த குழாயையோ தட்டையோ கத்தியாலும் ஆணியாலும் குத்தலாகாது. அண்மைக்காலப் பெட்டிகள் பலவற்றில் ஐசோபியூட்டேன் என்னும் எரியக்கூடிய வாயு ஓடுகிறது. குழாய் துளைபட்டால் பெட்டி பாழாவதோடு தீ விபத்துக்கும் இடமாகும். பிளக்கைக் கழற்றி, கதவைத் திறந்துவைத்து, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை ஒற்றினால் அடைப்பு தானே இளகும்.

நீர் நன்றாக வந்து, குளிரும் சரியாக இருந்து, கட்டிகள் தட்டிலேயே தங்கிவிடுமாயின், சூடேற்றியோ மோட்டாரோ பழுதாகியிருக்கலாம். பெட்டியைத் தொட்டால் மின்சாரம் தாக்கினாலும், உறைபெட்டி முழுதுமே குளிரவில்லையானாலும், உடனே தேர்ந்தவரை அழைக்க வேண்டும். அழைக்கும்போது நாம் செய்த சோதனைகளை வரிசையாகக் கூறுக. நீரழுத்தம் இவ்வளவு, குளிர் இவ்வளவு என்று கணக்குச் சொல்பவரிடம் தேவையற்ற பாகத்தை விற்பது எளிதன்று.

பழுது நீங்கியபின் ஒரு நாள் பொறுத்து, முதலில் விழும் இரண்டு மூன்று ஈடு கட்டிகளைப் பயன்படுத்தாது நீக்கிவிடுக. பிறகு வருவதை வீட்டாரும் விருந்தினரும் ஐயமின்றி உண்ணலாம்.

படிப்பு வட்டத்திற்குரிய வினாக்கள்

1. தொட்டி பெட்டிக்கு மேல் 6 மீட்டர் உயரத்தில் இருப்பின் கிடைக்கும் நீரழுத்தம் எவ்வளவு? அது கருவிக்குப் போதுமா?

2. கருவியைப் புதிதாக மாற்றியும் நிரப்புகுழாய் மீண்டும் உறைந்தால், எங்கே பழுதைத் தேடவேண்டும்?

3. உங்கள் வீட்டுப் பனிக்கட்டியின் நடுவே வெண்மை மிகுதியாக உள்ளதா? அதே நீரில் சோப்பு நுரைக்கிறதா என்று சோதித்து, முடிவை அடுத்த கூட்டத்தில் உறுப்பினர்களுக்குக் கூறுக.